ஒளிர்வது துளையா, தண்ணீரா? அடைப்பான் ஸ்போரின் அமிலத்தைப் பிடிக்க ஒரு மாஃப் சென்சார்

அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கிருமியின் ஸ்போரில் இருக்கும் டைபிகோலினிக் அமிலம் பட்டதும் சிவப்பாக ஒளிரும், மாஃப் எனப்படும் நுண்துளைப் பொடியை எம்.எஸ்சி. மாணவர் ஒருவர் சாதாரண வேதியியல் ஆய்வகத்திலேயே செய்துவிடலாம். டெஃப்ளான் உறை போட்ட ஆட்டோகிளேவ் வேண்டாம், டிஎம்எஃப் கரைப்பானின் நாற்றமும் வேண்டாம். தண்ணீரும், ஆவி குளிர்ந்து திரும்ப விழும்படி கொதிக்கவிடும் ரிஃப்ளக்ஸ் குடுவையும் போதும். ஆனால் பொடியைச் செய்வது பாதி வேலைதான், அதுவும் சுலபமான பாதி. அந்தப் பொடி உண்மையிலேயே எதையாவது உணர்கிறதா, இல்லை நம் கண்ணுக்கு அப்படித் தெரிகிறதா என்று பார்ப்பது மீதிப் பாதி. அதைத்தான் பலர் கடைசி வாரத்தில் அள்ளித் தெளித்த கோலமாக முடிக்கிறார்கள். ப்ராஜெக்ட் செய்ய எங்கள் ஆய்வகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இப்போது எழுதி வைக்கிறேன்.

ஏன் இந்த அமிலம்

அடைப்பான் என்றால் ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். நான் மாடு வளர்க்கும் வீட்டுப் பெண். தடுப்பூசி போடக் கால்நடை மருத்துவர் வரும் நாளில் அப்பா சந்தைக்குக்கூடப் போகமாட்டார். நேற்று வரை மேய்ந்த மாடு திடீரென்று விழும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருத்த ரத்தம் கசியும். அப்படிச் செத்த மாட்டை அறுக்கவே கூடாது. உடலைத் திறந்தால் உள்ளே இருக்கும் பேசில்லஸ் ஆந்த்ராசிஸ் கிருமி காற்றுப் பட்டு ஸ்போராக, அதாவது கெட்டி உறை போட்ட உறங்கும் வடிவமாக, மாறிவிடும். மண்ணில் விழுந்த ஸ்போர் பல பத்தாண்டுகள் கிடந்து பிழைக்கும்.

அந்த ஸ்போரின் உள்ளே கால்சியத்தோடு சேர்ந்து டைபிகோலினிக் அமிலம் நிறைந்திருக்கிறது. ஸ்போரின் உலர் எடையில் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் இதுதான். அதனால்தான் இதை அடைப்பானின் உயிர்க்குறிப்பான் என்கிறார்கள். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது அந்தக் கிருமியின் தனிச்சொத்து அல்ல. பேசில்லஸ், கிளாஸ்ட்ரிடியம் வகைகளின் ஸ்போர்களில் எல்லாம் இருக்கும். ஆறிப்போன சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸிலும் இருக்கும். ஆகவே உங்கள் பொடி சிவந்தால் “ஸ்போர் இருக்கலாம்” என்றுதான் அர்த்தம். “அடைப்பான்” என்று சொல்வதற்குக் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை வேண்டும். ஆய்வேட்டின் முன்னுரையில் இந்த ஒரு வரியை எழுதாதவர்களை வைவா எடுக்க வருபவர் சும்மா விடமாட்டார். நானாக இருந்தாலும் விடமாட்டேன்.

எப்படி ஒளிர்கிறது

யூரோப்பியம் அயனி அழகான சிவப்பு ஒளி தரும், ஆனால் தானாக ஒளியை உறிஞ்சுவதில் மகா சோம்பேறி. பக்கத்தில் ஒரு கரிம மூலக்கூறு ஒளியை வாங்கி அதற்குக் கைமாற்ற வேண்டும். ஆன்டெனா விளைவு என்பது இதுதான். டைபிகோலினிக் அமிலம் 270 முதல் 280 நானோமீட்டர் வரையிலான புற ஊதாவை நன்றாக உறிஞ்சும். நடுவில் ஒரு நைட்ரஜன், இரு பக்கமும் ஒவ்வோர் ஆக்சிஜன் என மூன்று இடத்தில் யூரோப்பியத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கும்போது யூரோப்பியத்தின் மேல் ஒட்டியிருந்த நீர் மூலக்கூறுகளையும் வெளியே தள்ளும். இதில் இரட்டை லாபம்: ஆற்றல் வந்து சேர்கிறது, ஒளியை விழுங்கிக்கொண்டிருந்த தண்ணீரும் போய்விடுகிறது.

சரி, இதில் நுண்துளைப் பொருள் எதற்கு? யூரோப்பியத்தை ஓர் இடத்தில் கட்டிவைக்கத்தான். உலோகக் கொத்துகளைக் கரிமக் கழிகளால் இணைத்த சட்டகத்தை மாஃப் என்கிறோம். 2025ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி ஆகிய மூவருக்கும் கிடைத்தது இதற்காகத்தான். அந்தக் குடும்பத்தில் யுஐஓ-66 என்ற சிர்கோனியம் மாஃப் தண்ணீருக்கு அசையாதது. 2008இல் நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. இதில் வழக்கமாகக் கழியாக இருக்கும் டெரிப்தாலிக் அமிலத்துக்குப் பதில் பைரோமெல்லிட்டிக் அமிலத்தைப் போட்டால், அதன் நான்கு அமிலக் கைகளில் இரண்டு சிர்கோனியத்தைப் பிடிக்கும். மற்ற இரண்டும் துளைக்குள் சும்மா தொங்கும். அந்தச் சும்மா தொங்கும் கைகளில்தான் யூரோப்பியத்தைக் கட்டப்போகிறோம்.

பொடி செய்தல்

பைரோமெல்லிட்டிக் அமிலம் 4.3 கிராம், சிர்கோனியம் டெட்ராகுளோரைடு 2.3 கிராம், காய்ச்சி வடித்த நீர் 50 மி.லி. மோல் கணக்கில் ஏறத்தாழ 17க்கு 10. இரண்டையும் நீரில் போட்டுக் கலக்கியபடியே 24 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்யுங்கள். வெள்ளையாக, கூழ் மாதிரி ஒன்று வரும். வடிகட்டி, நீரால் கழுவி, மறுபடி ஒரு கிராமுக்கு 10 மி.லி. கணக்கில் புதுத் தண்ணீர் விட்டு 16 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்ய வேண்டும். துளைக்குள் மாட்டிக்கொண்ட மிச்ச அமிலத்தை வெளியேற்றத்தான் இந்த இரண்டாம் கொதி. இதைத் தவிர்த்தால் கட்டற்ற பைரோமெல்லிட்டிக் அமிலம் பின்னால் யூரோப்பியத்தைத் தானே பிடித்துக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். கடைசியில் அசிட்டோனால் கழுவி, 60 டிகிரியில் வெற்றிட அடுப்பில் உலர்த்துங்கள்.

சிர்கோனியம் டெட்ராகுளோரைடு பற்றி ஓர் எச்சரிக்கை. ஐப்பசி மழையில் அந்தப் பாட்டிலைத் திறந்தால் வெள்ளைப் புகை கிளம்பும். அது ஹைட்ரஜன் குளோரைடு. ஃப்யூம் ஹூடுக்குள் திறந்து, சட்டென்று எடை போட்டு, உடனே மூடி, பாரஃபிலிம் சுற்றி டெசிகேட்டரில் வையுங்கள். கட்டிகட்டியாகிப் போன பழைய பாட்டிலை நம்பி இறங்காதீர்கள். எடையில் எவ்வளவு ஈரம் என்றே தெரியாது.

பொடி காய்ந்ததும், படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விலகல்) எடுக்க வேண்டும். செம்புக் கதிரில் 7.4 டிகிரியிலும் 8.5 டிகிரியிலும் யுஐஓ-66 குடும்பத்தின் இரண்டு முகடுகள் தெரிய வேண்டும். இந்த வகைப் பொடியில் முகடுகள் கொஞ்சம் அகலமாக இருக்கும், அதனால் பதற வேண்டாம். இரண்டும் ஒன்றாகக் குழைந்து மேடாக வந்தால் மட்டும் திரும்பச் செய்யுங்கள்.

யூரோப்பியம் ஏற்றுவது இன்னும் எளிது. பொடி 100 மி.கி., யூரோப்பியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 366 மி.கி., நீர் 10 மி.லி.; 60 டிகிரியில் ஒரு நாள் கலக்க வேண்டும். அப்புறம் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, நீராலும் எத்தனாலாலும் கழுவ வேண்டும். எத்தனை முறை என்று எல்லோரும் கேட்பார்கள். எண்ணிக்கை சொல்லமாட்டேன், சோதனை சொல்கிறேன்: கழுவிய நீரில் கொஞ்சம் எடுத்து, அதில் டைபிகோலினிக் அமிலக் கரைசல் ஒரு சொட்டு விட்டு 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழ் வையுங்கள். சிவப்புத் தெரிந்தால் கட்டற்ற யூரோப்பியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. தெரியாமல் போகும் வரை கழுவுங்கள். செய்யப்போகும் சென்சாரின் வேதியியலே இங்கே உங்களுக்குக் காவல் நிற்கிறது, செலவும் இல்லை.

உலர்ந்த பொடி தானாகவே மங்கலாகச் சிவக்கும். அது சரிதான், சட்டகத்தின் கழி கொஞ்சம் ஆற்றல் தருகிறது, மீதியைத் தண்ணீர் விழுங்குகிறது. கழி தன் பங்குக்கு 400 நானோமீட்டரை ஒட்டி அகலமான நீல ஒளியும் தரும். இந்த நீலத்தை இடைஞ்சல் என்று நினைக்காதீர்கள், அதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்ளப்போகிறோம்.

கருவியில் உட்காரும் முன்

ஒளிர்வை அளக்கும் ஃப்ளூரோமீட்டரில் நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு, எனவே உட்கார்ந்ததும் வீணாக்காமல் இருக்கச் சில விஷயங்கள்.

குவார்ட்ஸ் குவெட் (மாதிரியை ஊற்றும் சிறு குப்பி) எடுத்துப் போங்கள். 280 நானோமீட்டர் ஒளியைச் சாதாரணக் கண்ணாடியும் மலிவான பிளாஸ்டிக்கும் தடுத்துவிடும். சிக்னலே வரவில்லை என்று கருவியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். டிஎல்சி தகடு பார்க்கும் புற ஊதாக் கைவிளக்கிலும் இதே கதைதான். 365 பொத்தானை அழுத்தினால் டைபிகோலினிக் அமிலம் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது, 254 பொத்தான்தான் வேண்டும். 254 கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதி. புற ஊதாக் கண்ணாடி போடாமல் குனிந்து பார்க்காதீர்கள்.

280இல் தூண்டினால் 560இல் ஒரு கூர்மையான முகடு வரும். அது யூரோப்பியம் இல்லை, கிரேட்டிங்கின் இரண்டாம் படிச் சிதறல். உமிழ்வுப் பக்கம் 350 நானோமீட்டருக்குக் கீழே வெட்டும் வடிகட்டி ஒன்றைச் செருகினால் மறையும். யூரோப்பியத்தின் உண்மையான கோடுகள் 592, 616, 700 ஆகிய இடங்களை ஒட்டி இருக்கும். நமக்கு வேண்டியது 616. தப்பித்தவறி 308இல் தூண்டிவிடாதீர்கள். அதன் இரட்டை மடங்கு நேராக 616இல் விழுந்து, எதைப் போட்டாலும் ஒளிரும் அற்புதச் சென்சார் கிடைத்துவிடும்.

பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) விஷயத்தில் கறாராக இருங்கள். உயிரியல் துறைத் தோழி பாசத்தோடு நீட்டும் பிபிஎஸ் (பாஸ்பேட் பஃபர்) பாட்டிலை வாங்கவே வாங்காதீர்கள். பாஸ்பேட் யூரோப்பியத்தையும் விடாது, சிர்கோனியத்தையும் விடாது. சட்டகமே கரைந்து போகலாம். 20 மில்லிமோலார் ஹெப்பிஸ், பிஎச் 7.4 வைத்துக்கொள்ளுங்கள். ட்ரிஸ் பஃபரும் பரவாயில்லை.

அளவீடு

மி.லி.க்கு 0.1 மி.கி. பொடி வருமாறு பஃபரில் போட்டுச் சோனிகேட்டரில் வையுங்கள். 2 மி.லி. குவெட்டில் எடுத்து, குட்டிக் காந்தக் கம்பி போட்டு, அளக்கும்போதும் சுழலவிடுங்கள். பொடி அடியில் உட்கார்ந்தால் ஒளி குறைந்ததுபோலத் தெரியும். டைபிகோலினிக் அமிலம் 16.7 மி.கி.யை 10 மி.லி. நீரில் கரைத்தால் 10 மில்லிமோலார். கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பிஎச்சைச் சரிசெய்து, பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். அதில் 2 மைக்ரோலிட்டர் விட்டால் குவெட்டில் 1 மைக்ரோமோலார் கூடும். கணக்கு மனத்திலேயே ஓடும்.

ஒவ்வொரு முறை விட்டதும் எவ்வளவு காத்திருப்பது என்பதை ஊகிக்காதீர்கள். முதலில் ஒருதரம் 616ஐ மட்டும் நேரத்தோடு பதிவு செய்து, எப்போது சமநிலைக்கு வருகிறது என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு நிறமாலையிலும் 616இன் உயரத்தை நீல மேட்டின் உயரத்தால் வகுத்து, அந்த விகிதத்தைச் செறிவுக்கு எதிராக வரையுங்கள். விளக்கின் பலம் ஏறி இறங்கினாலும், பொடி கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் விகிதம் பெரிதாக மாறாது.

ஆனால் செறிவு கூடக் கூட ஓர் இடத்தில் 616இன் உயரக் கோடு வளையும், அதற்கு மேல் கீழேகூட இறங்கும். டைபிகோலினிக் அமிலமே 280 ஒளியை வழியிலேயே உறிஞ்சிவிடுவதால் பொடிக்குப் போய்ச் சேருவது குறைகிறது. உள்வடிகட்டி விளைவு என்பார்கள். நீல மேடு குறைவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் நீலம் குறைவதில் ஒரு பங்கு வெறும் நிழல்தான். அதே கரைசலுக்கு யுவி உறிஞ்சலை அளந்து, தூண்டும் அலைநீளத்திலும் உமிழும் அலைநீளத்திலும் வரும் இரு உறிஞ்சல்களையும் கூட்டிப் பாதியாக்கி, 10இன் அத்தனையாம் அடுக்கால் ஒளியைப் பெருக்குங்கள். திருத்தியதையும் திருத்தாததையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள். யூரிக் அமிலம், நைட்ரோ சேர்மங்கள் போன்றவற்றை ஒளி அணைவதை வைத்துக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் சென்சார்களில் எத்தனை இந்தத் திருத்தத்துக்குப் பிறகு மிஞ்சும் என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம்.

இப்போது அந்தக் கேள்வி

ஒளி மாஃபிலிருந்து வருகிறதா, தண்ணீரிலிருந்து வருகிறதா?

டைபிகோலினிக் அமிலத்துக்கு யூரோப்பியத்தின் மேல் பிடி மிக அதிகம். ஒரு யூரோப்பியத்தை மூன்று அமிலங்கள் சூழ்ந்து நீரில் கரையும் அணைவுச் சேர்மமாக மாறும், அதுவும் பளிச்சென்று சிவக்கும். அப்படி நடந்தால் உங்கள் மாஃப் சென்சார் அல்ல, யூரோப்பியம் கசியும் பை. இதை அறிய இரண்டு சோதனைகள் போதும்.

ஒன்று: நன்றாக ஒளிரும் குவெட்டை அப்படியே சென்ட்ரிஃபியூஜ் குழாயில் ஊற்றிச் சுழற்றுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரை 0.22 மைக்ரான் சிரிஞ்சு வடிகட்டியில் விட்டு, அதே அமைப்பில் மறுபடி அளக்க வேண்டும். தெளிந்த நீர் இருட்டாக இருந்தால் நிம்மதி. அது சிவந்தால், மொத்த ஒளியில் எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு எழுதுங்கள். மறைக்க வேண்டாம், கசிவும் ஒரு முடிவுதான். குறைந்த செறிவில் பிடித்துக்கொண்டிருந்து அதிகச் செறிவில் மட்டும் கசிந்தால், அந்த எல்லை எங்கே என்று சொல்வது பயனுள்ள தகவல்.

இரண்டு: பொடியே இல்லாமல், பொடியில் உள்ள அளவுக்குச் சமமான யூரோப்பியம் குளோரைடை மட்டும் அதே பஃபரில் போட்டு அதே அமிலத்தைச் சேர்த்துப் பாருங்கள். பொடியில் எவ்வளவு யூரோப்பியம் என்பதை ஐசிபி என்ற தனிமப் பகுப்பாய்வு சொல்லும். வெறும் உப்பே இதே அளவு நன்றாக வேலை செய்தால், மாஃப் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். நீல அளவுகோல் கூடவே வருகிறது, காகிதத்தில் பூசினால் நகராமல் நிற்கிறது, மண் கரைசலிலிருந்து பிரித்தெடுக்கலாம் என்பவை நியாயமான பதில்கள். “துளைக்குள் மூலக்கூறு நுழைந்து பிணைகிறது” என்று மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாதீர்கள். யுஐஓ-66இன் சாளரம் 6 ஆங்ஸ்ட்ராம் அளவு. தொங்கும் அமிலக் கைகள் அதை இன்னும் குறுக்குகின்றன. பிடிப்பதெல்லாம் துகளின் மேற்பரப்பிலும் சட்டகத்தின் குறைபாடுகளிலும் நடக்கலாம்.

அளந்த பிறகு பொடியைத் திரட்டி மறுபடி எக்ஸ்ஆர்டி எடுக்க மறக்காதீர்கள். சட்டகம் அப்படியே இருக்கிறதா என்பதற்கு அதுதான் சாட்சி.

குறுக்கீடு சோதனையில் எல்லோரும் உப்பு, குளுக்கோஸ், கிளைசின் என்று சுலபமானவற்றை அடுக்கி, “மிகுந்த தேர்வுத்திறன்” என்று முடிப்பார்கள். கிளைசின் ஏன் ஒளிரப்போகிறது? உருவத்தில் அண்ணன் தம்பி போன்றவற்றை வையுங்கள்: பிகோலினிக் அமிலம், நிகோடினிக் அமிலம், ஐசோப்தாலிக் அமிலம், பென்சாயிக் அமிலம். யூரோப்பியத்தைப் பறிக்கக்கூடியவற்றையும் வையுங்கள்: சிட்ரேட், பாஸ்பேட், இடிடிஏ. தனியாக மட்டும் சோதித்தால் போதாது. டைபிகோலினிக் அமிலத்தோடு கலந்தும் பார்க்க வேண்டும்.

உண்மையான மாதிரிகள்

அடைப்பான் கிருமியைத் தொடும் வேலை உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்கு உரியது, நமக்கு இல்லை. ஆபத்தில்லாத பேசில்லஸ் சப்டிலிஸ் ஸ்போர்களை நுண்ணுயிரியல் துறையிலிருந்து வாங்கி, 121 டிகிரி ஆட்டோகிளேவில் வைத்தால் உள்ளே இருக்கும் அமிலம் வெளியே வரும். வடிகட்டிப் பயன்படுத்துங்கள்.

ரத்தம் என்றால் ஊதா மூடிக் குழாயில் வந்ததை ஏற்காதீர்கள். அதில் இடிடிஏ இருக்கிறது, யூரோப்பியத்தை முழுக்க அள்ளிக்கொள்ளும். நீல மூடியில் சிட்ரேட் இருக்கும், அதுவும் உதவாது. சீரம்தான் வேண்டும், அதையும் நன்றாக நீர்க்கச் செய்துதான். சீரப் புரதங்களின் டிரிப்டோஃபான் 280இல் ஒளியை உறிஞ்சி நீலப் பக்கம் தன் ஒளியைக் கலக்கும், நம் அளவுகோலையே கெடுக்கும். இங்கே ஒரு வழி இருக்கிறது: புரதத்தின் ஒளி நானோவினாடிகளில் அணையும், யூரோப்பியத்தின் ஒளி மில்லிவினாடி அளவுக்கு நிற்கும். கருவியைப் பாஸ்பரசன்ஸ் முறைக்கு மாற்றி 0.1 மில்லிவினாடி தாமதம் கொடுத்தால் பின்புலம் போய், சிவப்பு மட்டும் நிற்கும். நீலமும் கூடவே போய்விடும் என்பதால் விகிதக் கணக்கு இங்கே ஓடாது; தெரிந்த அளவு அமிலத்தைச் சேர்த்துச் சேர்த்து அளக்கும் முறைக்குப் போக வேண்டும்.

காகிதப் பட்டை செய்ய ஆசை வரும், செய்யுங்கள். வாட்மன் வடிகட்டிக் காகிதத்தைப் பொடிக் கரைசலில் தோய்த்து உலர்த்துங்கள். நோட்டுத்தாள் வேண்டாம், அதை வெண்மையாகக் காட்டச் சேர்த்த சாயம் புற ஊதாவில் தானே நீலமாக மின்னும். கைபேசியில் படம் எடுப்பதானால் அட்டைப்பெட்டி இருட்டில், எக்ஸ்போஷரையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டிவிட்டு எடுங்கள்.

அந்த 60 மைக்ரோமோலார்

கண்டறியும் எல்லைக்கு, அமிலம் சேர்க்காத பொடியைப் பத்துத் தடவைக்குக் குறையாமல் அளந்து, திட்டவிலக்கத்தின் 3 மடங்கைக் கோட்டின் சரிவால் வகுக்க வேண்டும். ஒரே குவெட்டைப் பத்து முறை ஸ்கேன் செய்வது ஏமாற்று, தனித்தனியாகத் தயாரித்துக்கொள்ளுங்கள்.

அந்த எண் வந்ததும், “தொற்றை உண்டாக்கும் ஸ்போர் அளவான 60 மைக்ரோமோலாரைவிட மிகக் குறைவு” என்று எழுதக் கை துறுதுறுக்கும். இந்த 60ஐ நிறையக் கட்டுரைகளில் பார்க்கலாம். 10,000 ஸ்போர்களை வைத்துச் சொல்லப்படும் எண் அது. நாமே போட்டுப் பார்ப்போம். ஒரு ஸ்போரின் உலர் எடை தோராயமாக 1 பிக்கோகிராம், அதில் 10 சதவீதம் அமிலம் என்று கொள்ளுங்கள். 10,000 ஸ்போர்களில் 1 நானோகிராம். 167ஆல் வகுத்தால் 6 பிக்கோமோல். இதை 1 மி.லி. நீரில் கரைத்தால் வருவது 6 நானோமோலார். 60 மைக்ரோமோலாரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 60 வர வேண்டுமென்றால் அத்தனை ஸ்போரையும் 100 நானோலிட்டர் நீரில் திணிக்க வேண்டும், அது பிப்பெட்டில் ஒரு புள்ளிகூட இல்லை.

ஆகவே எல்லையைச் செறிவாக மட்டும் எழுதாமல், எத்தனை மி.லி. மாதிரியில் எத்தனை ஸ்போர் என்றும் மாற்றி எழுதுங்கள். உங்கள் பொடியின் எல்லை 50 நானோமோலார் என்றால், 1 மி.லி.யில் ஏறத்தாழ 80,000 ஸ்போர்கள் இருந்தால்தான் அது பார்க்கும். செத்த மாட்டின் ரத்தம் சிந்திய மண்ணைச் சோதிக்க அது போதுமானதாக இருக்கலாம். காற்றில் மிதக்கும் ஸ்போரைப் பிடிப்பதற்கு, மாதிரியை முதலில் செறிவாக்கும் வழியைத் தேட வேண்டும்.